சியோலில் ஹன்போக் உடுத்தி அரண்மனைக்குள்

ஞாயிறு இரவு

சியோலின் பழைய நகரப் பகுதியில், அங்குக் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம், அம்மாவும் நானும். இங்கிருந்து மேற்கே நடந்தால் கியோங்போக்குங், கிழக்கே நடந்தால் சாங்தோக்குங். ஜோசோன் அரச வம்சத்தின் இரண்டு பெரிய அரண்மனைகளுக்கும் வண்டி வைக்காமல் போய்வரலாம் என்பதால்தான் இந்த இடம்.

சாயங்காலம் பெட்டிகளை வைத்துவிட்டு வெளியே வந்தபோது தெரு முழுக்கப் பாவாடைகள். வாடகைக்கு எடுத்த ஹன்போக்கை, அதாவது கொரியாவின் பாரம்பரிய உடையை, திருப்பிக் கொடுக்கும் நேரம் போலிருக்கிறது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பாவாடை நுனியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கடைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு மலேசியக் குடும்பம், அதே நிறத்துக்கு முக்காட்டையும் பொருத்தி அழகாக வந்தது. அரசருடைய சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்ட ஒரு பையன், மார்பில் தங்க டிராகன் வட்டத்தோடு, தெருவோரத்தில் மீன் உருவ ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

இங்கே வர நினைப்பவர்களுக்காக முதலில் விவரங்கள். ஹன்போக் உடுத்திப் போனால் அரண்மனைகளில் நுழைவுக் கட்டணம் இல்லை. கியோங்போக்குங், சாங்தோக்குங், சாங்கியோங்குங், தோக்சுகுங் ஆகிய நான்கு அரண்மனைகள், அப்புறம் ஜோங்மியோ என்ற அரச முன்னோர் கோவில், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கியோங்போக்குங் டிக்கெட்டே 3,000 வோன்தான். உடை வாடகை அதைப்போலப் பல மடங்கு. அதனால் காசு மிச்சம் என்பதற்காக யாரும் உடுத்துவதில்லை. மேலாடையும் கீழாடையும் இரண்டுமே ஹன்போக்காக இருக்க வேண்டும் என்பது விதி. ஜீன்ஸ் மேல் ஹன்போக் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு போனால் செல்லாது. முன்பு ஆண்கள் ஆண் உடையும் பெண்கள் பெண் உடையும்தான் உடுத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அது பாகுபாடு என்று சொன்ன பிறகு 2019 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்தோக்குங்குக்குத் திங்கள் விடுமுறை. திட்டம் போடும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊரில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். எந்தத் துணியைக் கண்டாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கடை வாசலில் தொங்கிய மின்னும் பாவாடை ஒன்றின் ஓரத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "மேல பளபளன்னு இருக்கு. உள்ள பாரு, ஓவர்லாக்கோட நிறுத்திட்டான். இதான் இவங்க ராஜா வீட்டுத் துணியாடி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தப் பயணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை பார்ப்போம்.

திங்கள் இரவு

ஒன்பது மணிக்குக் கடை திறந்தவுடன் நுழைந்துவிட்டோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கைப்பைகளைப் பூட்டி வைக்க ஒரு சாவி கொடுக்கிறார்கள். மணிக்கணக்கில் வாடகை: இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், நாள் முழுக்க என்று மூன்று விலை. நேரம் தாண்டினால் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் நான்கு மணி நேரத்துக்குக் குறைத்து எடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் என்பது வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குத்தான் சரி.

கடையின் முன்வரிசை முழுக்கப் புதுமாதிரி. லேஸ் வைத்த மேலாடை, தங்க அச்சுப் பூக்கள், இடுப்புக்குப் பின்னால் பெரிய வண்ணத்துப்பூச்சி மாதிரி கட்டும் நாடா, பாவாடைக்குள் கம்பி வளையம் வைத்த உள்பாவாடை. பின்வரிசையில், சுவரை ஒட்டி, பழைய வெட்டில் தைத்தவை தொங்கின. அவற்றில் மினுமினுப்பு இல்லை. நிறம் மட்டும்தான் இருக்கிறது: வாடாத பச்சை, பழுத்த மஞ்சள், கருநீலம், செம்மண் சிவப்பு.

அம்மா முதலில் "இந்த வயசுல எனக்கெதுக்குடி இதெல்லாம், நீ கட்டிக்கோ, நான் படம் எடுக்கறேன்" என்றுதான் சொன்னாள். கடைக்காரப் பெண்மணி விடவில்லை. அவருக்கும் அம்மா வயதுதான் இருக்கும். கைபேசியில் கொரிய மொழியில் பேசி, அது தமிழாக்கிச் சொன்னதை நீட்டினார்: "இது வயதானவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்." அம்மா நேராகப் பின்வரிசைக்குப் போனாள். கருநீலப் பாவாடையும் வெளிர்பச்சை மேலாடையும் எடுத்தாள். அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. முன்வரிசையைத் தாண்டி அங்கே போகும் வெளிநாட்டுக்காரர்கள் குறைவாம்.

உடுத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் உள்பாவாடை. அதன் மேல் சிமா, அதாவது பாவாடை. நம் ஊரில் ஆற்றில் குளிக்கும் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டுவார்களே, அதே இடத்தில்தான் இதன் பட்டை வருகிறது. இடுப்பு என்ற ஒன்றே வெளியே தெரியாது. பட்டையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் துணி தரைவரை விழுகிறது. சிமா ஒரே விரிப்பு. உடம்பைச் சுற்றி வந்து பின்னால் ஒன்றன் மேல் ஒன்று படியும். அப்புறம் ஜொகொரி, சின்ன மேலாடை. அதன் கழுத்துப் பட்டியின் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கீற்று ஓடுகிறது. அதன் பெயர் தோங்ஜோங். வெள்ளை மொடமொடப்பாக இருக்கும் அந்தக் கீற்று தனியாகத் தைக்கப்பட்டது. கழுத்து வியர்வையில் அழுக்கானால் அதை மட்டும் பிரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துத் தைத்துக்கொள்வார்கள். அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாரு."

பொத்தான் இல்லை, கொக்கி இல்லை. 'கோரும்' என்று பெயர் கொண்ட இரண்டு நாடாக்களை மார்பில் கட்டுகிறார்கள், அவைதான் மேலாடையைப் பிடித்து வைக்கின்றன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றன் மேல் ஒன்றைப் போட்டு ஒரு முடிச்சு. பிறகு நீளமானதை மடித்து ஒரே ஒரு காது எடுத்து, குட்டையானதைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கினால், காது ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்கிறது. இரண்டு முனைகளும் பாவாடை மேல் நீளமாகத் தொங்குகின்றன. இரண்டு காது வைத்துப் பூ மாதிரி கட்டுவது கிடையாது. கடைக்காரப் பெண்மணி அம்மாவுக்குக் கட்டி முடித்ததும், அம்மா அதை அவிழ்த்துவிட்டுத் தானே கட்டினாள். சரியாக வரும்வரை விடவில்லை.

எனக்கு மஞ்சள் மேலாடை, சிவப்புப் பாவாடை. கல்யாணமாகாத பெண்களுக்குப் பழைய நாளில் உரிய ஜோடி அது. அம்மாவின் மேலாடையில் கைமுனை கருநீலமாக இருந்தது. ஆண் பிள்ளை பெற்றவள் என்பதற்கு அடையாளமாம். நாடா ஊதா என்றால் கணவர் இருக்கிறார் என்று பொருளாம். எனக்கு அண்ணன் இருக்கிறான், அதனால் கைமுனை சரிதான். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஊதா நாடா வைத்ததைத் திருப்பிக் கொடுத்து, நாடாவும் பச்சையாக இருந்ததை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு யாரும் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று அந்தப் பெண்மணி சொன்னார். ஆனாலும் அம்மா கேட்கவில்லை. உடை ஒன்று சொல்கிறது என்றால் அது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

என் தலைமுடியைப் பின்னிச் சிவப்பு நாடா வைத்து முடிந்துவிட்டார்கள். இடுப்புப் பக்கம் தொங்க ஒரு நோரிகே, குஞ்சலம் வைத்த அணிகலன். அவ்வளவுதான், பத்து மணிக் காவலர் மாற்றத்துக்குள் கியோங்போக்குங்கின் முன்வாசலான குவாங்வாமுனில் இருந்தோம்.

காவலர் மாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முரசு, கொடி, நீண்ட அங்கிகள். கூட்டம் அதிகம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாசலைத்தான். இந்த அரண்மனை 1395இல் கட்டப்பட்டது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, 270 ஆண்டுகளுக்கு மேல் வெறும் இடிபாடாகவே கிடந்தது. 1865இல் கோஜோங் அரசரின் தந்தை அதை மறுபடி கட்ட ஆரம்பித்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஜப்பான் நாட்டையே எடுத்துக்கொண்டது. 1915இல் ஒரு கண்காட்சி நடத்துவதாகச் சொல்லிக் கட்டடங்களை வரிசையாக இடித்தார்கள். 1926இல் சிம்மாசன மண்டபத்துக்கு நேர் முன்னால், அதை மறைக்கிற மாதிரி, குடியேற்ற ஆட்சியின் தலைமைக் கட்டடம் எழுந்தது. குவாங்வாமுன் வாசலைப் பெயர்த்துக் கிழக்கே தள்ளி வைத்தார்கள். கொரியப் போரில் அதன் மேல்மாடம் எரிந்தது. 1968இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். அது சரியல்ல என்று அதையும் எடுத்துவிட்டு, 2010இல் மரத்தில், பழைய இடத்தில் நிறுத்தினார்கள். வாசலுக்கு முன்னால் இருக்கும் கல்மேடை 2023இல்தான் திரும்ப வந்தது. அந்த மேடையில் பழைய கற்களும் புதிய கற்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நிறத்தைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம். மறைத்து நின்ற அந்தத் தலைமைக் கட்டடத்தை 1995இல் இடிக்க ஆரம்பித்து மறு வருடம் முடித்துவிட்டார்கள்.

உள்வாசலில் டிக்கெட் பார்ப்பவர் எங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துக் கையை நீட்டி உள்ளே விட்டார்.

சிம்மாசன மண்டபமான குன்ஜோங்ஜோன் முன்னால் பெரிய கல்முற்றம். கற்கள் வேண்டுமென்றே கரடுமுரடாக விடப்பட்டவை. வழுக்காது, வெயிலில் கண்ணைக் கூசவும் செய்யாது. நடுவழியின் இரண்டு பக்கமும் பதவி பொறித்த கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே நிர்வாக அதிகாரிகள், மேற்கே படை அதிகாரிகள். தரையில் அங்கங்கே இரும்பு வளையங்கள், பந்தல் கயிறு கட்ட. இந்தக் கல்லின் மேல் நடக்கும்போதுதான் உடை என்ன செய்கிறது என்று புரிந்தது. வேகமாக நடந்தால் பாவாடை காலடியில் மாட்டுகிறது. எட்டி அடி வைத்துப் போக முடியாது. முன்பக்கத்தை லேசாகத் தூக்கி, அடியைச் சின்னதாக்கினால், துணி தானாக முன்னால் ஒதுங்கி வழிவிடுகிறது. முதுகு நிமிர்ந்துவிடுகிறது, மார்புப் பட்டை அப்படி. சட்டை பேன்ட்டில் வந்திருந்தால் ஒரே மூச்சில் கடந்து போயிருப்பேன். இன்று அந்த முற்றத்தைக் கடக்க எனக்கு நெடுநேரம் ஆனது, அந்த நேரம் முழுவதும் கூரை வளைவைப் பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே சிம்மாசனத்துக்குப் பின்னால் சூரியன், சந்திரன், ஐந்து மலை வரைந்த திரை. அண்ணாந்து பார்த்தால் உட்கூரை நடுவில் இரண்டு தங்க டிராகன்கள், ஒவ்வொரு பாதத்திலும் ஏழு நகம். பக்கவாட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

அரசி வாழ்ந்த கியோதேஜோனுக்குப் பின்னால் அடுக்கடுக்கான மேட்டுத் தோட்டத்தில் அறுகோணச் செங்கல் புகைபோக்கிகள். தரைக்கு அடியில் அடுப்புப் புகையை ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் முறை இங்கே. அந்தப் புகை வெளியேறும் இடத்தைக்கூட இப்படிப் பூவும் விலங்கும் வைத்து அலங்கரித்திருக்கிறார்கள். ஜாகியோங்ஜோன் என்ற மாளிகையின் பின்சுவரில் இருக்கும் புகைபோக்கி இன்னும் அழகு. நீண்ட ஆயுளுக்கு அடையாளமான சூரியன், பைன் மரம், ஆமை, மான், கொக்கு எல்லாம் அதில் புடைப்பாக வருகின்றன. அம்மா இங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

48 கல்தூண் மேல் நிற்கும் கியோங்ஹோரு மண்டபத்தின் குளக்கரையில் ஒரு பாட்டி வந்தார். பேத்தியோடு வந்தவர், எண்பதுக்குக் குறையாது. என்னைப் பார்த்தவர் ஒரு வார்த்தை பேசாமல் என் மார்பு நாடாவை அவிழ்த்தார். கடையில் எனக்குக் கட்டிவிட்ட சின்னப் பெண் அவசரத்தில் தளர விட்டிருந்தாள். பாட்டி கழுத்துப் பட்டியை இரண்டு பக்கமும் இழுத்து, வெள்ளைக் கீற்று நடுவில் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்து, நாடாவைக் கட்டி, காதை நீவி, முனைகளை ஒன்றின் மேல் ஒன்று வராமல் ஒதுக்கிவிட்டார். "நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா, நாளெல்லாம் அலையப் போறா" என்று அம்மா தமிழிலேயே சொல்ல, பாட்டி கொரிய மொழியில் ஏதோ பதில் சொன்னார். அப்புறம் அம்மாவின் முடிச்சைப் பார்த்தார். தொடவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அம்மாவுக்கு அன்றைக்கு அது போதும்.

வடக்குக் கோடியில் கோன்சோங்குங். இங்கே கூட்டம் குறைந்துவிடுகிறது, பெரும்பாலானவர்கள் நேரம் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பிவிடாதீர்கள். கொரியாவில் முதல் மின்விளக்கு எரிந்தது இங்கேதான், 1887இல். 1895 அக்டோபர் 8 விடியற்காலையில் ஜப்பானியர்கள் புகுந்து அரசி மியோங்சோங்கைக் கொன்றதும் இங்கேதான். வண்ணம் பூசாத சாதாரண மரவீடு. அந்தக் கட்டடங்களையும் பிற்பாடு இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 2007இல் திறந்த மறுகட்டுமானம். அவ்வளவு நேரமும் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அந்தப் பலகையைப் படித்துவிட்டுக் கைபேசியை இறக்கினார்கள்.

ஒன்றரை மணிக்குக் கடையில் இருந்தோம், நேரத்துக்குள்.

செவ்வாய் இரவு

கியோங்போக்குங் மூடியிருக்கும் நாள். குவாங்ஜாங் சந்தைக்குப் போனோம். 1905இல் தொடங்கிய சந்தை. எல்லோரும் கீழ்த்தளத்தில் பச்சைப்பயறு அடை தின்னத்தான் வருகிறார்கள். கல்லில் அரைத்த மாவை எண்ணெய் குளிக்கப் பொரிக்கிறார்கள், வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். மாடிப்படி ஏறினால் பட்டும் ஹன்போக்கும். துணிச்சுருள்கள் கூரைவரை. கல்யாணத்துக்கு உடை தைக்கக் குடும்பத்தோடு வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தையல்காரர் அம்மாவின் கண்ணைப் பார்த்தே இவளும் தொழில்காரி என்று கண்டுகொண்டார் போலிருக்கிறது. ஒரு ஜொகொரியை மேசையில் விரித்தார். முழுக்கத் தட்டையாகப் படிந்துவிட்டது. ரவிக்கையை இப்படி விரிக்க முடியாது. டாட் என்ற மடிப்புத் தையல் பிடித்து உடம்பின் வடிவத்தைத் துணியிலேயே கொண்டுவந்துவிடுகிறோம். இதில் டாட் கிடையாது. உடம்பு உள்ளே போன பிறகுதான் வடிவம் வருகிறது. வளைவு முக்கியமாகத் தெரிவது கையின் அடிப்பக்கத்தில். அக்குளில் இறங்கி, முழங்கையில் தொங்கி, மணிக்கட்டில் மேலேறும் ஒரே கோடு. அந்தக் கோடு எங்கே ஆழமாகிறது என்பதில்தான் தைப்பவரின் கை தெரியும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். அம்மா உள்பக்கம் திருப்பினாள். ஒரு பிசிர்கூட வெளியே இல்லை. ஒவ்வொரு தையலும் மடித்து மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேட்ட கேள்விக்கு அம்மாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் துவைக்க வேண்டுமானால் தையலையே பிரித்து, துண்டு துண்டாகத் துவைத்து, கஞ்சி போட்டு, கல்லின் மேல் வைத்து இரண்டு கட்டைகளால் தட்டி மினுமினுப்பாக்கி, மறுபடி தைப்பார்களாம். ஒவ்வொரு முறையும் உடை புதிதாகத் தைக்கப்படுகிறது.

இங்கே ஒரு சர்ச்சை உண்டு, பயணம் வருபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வாடகைக் கடைகளின் வளையப் பாவாடை, முதுகு நாடா, தங்க அச்சு ஆகியவற்றைப் பார்த்து இது ஹன்போக்கே அல்ல என்று சொல்பவர்கள் நிறையப் பேர். 2018இல் அரண்மனைகள் இருக்கும் ஜோங்னோ வட்டாரத்தின் நிர்வாகம், இப்படிப்பட்ட உடைகளுக்கு இலவச நுழைவு தரக் கூடாது என்று பேச்செடுத்தது. இளையவர்கள் எதிர்த்தார்கள்: காலந்தோறும் உடை மாறித்தானே வந்திருக்கிறது, ஜொகொரியின் நீளமே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு குறைந்து நீண்டிருக்கிறதே என்று. அதுவும் உண்மை. 2022இல் ஹன்போக் உடுத்தும் வாழ்க்கை முறையையே தேசிய அருவ மரபுச் செல்வமாக அறிவித்தார்கள். தைக்கும் கலையோடு, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் அதை உடுத்தும் வழக்கமும் சேர்ந்தது அந்த அறிவிப்பு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் இலவசமாக உள்ளே விட வேண்டும். வளையப் பாவாடை உடுத்திய சிறுமிக்கும் அந்த முற்றத்தில் நடக்கும் உரிமை உண்டு. அவள் இன்னொரு நாள் பின்வரிசைக்கு வருவாள். ஆனால் கடைக்காரர்கள் பின்வரிசையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தங்க அச்சு என்பதே அரச குடும்பத்து உடையில், மரக்கட்டையில் பசை தடவி ஒற்றி, தங்கத்தகடு வைத்துச் செய்த பெரிய கைவேலை. அதையே மிஷினில் பாலியஸ்டர் மேல் அடித்து எல்லாப் பாவாடையிலும் போட்டால், உண்மையானதைப் பார்க்கும்போது கண் நிற்காமல் போய்விடும். அரண்மனை விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு கண்டிப்பு! கான்கிரீட் வாசல் நன்றாக நின்றுகொண்டிருந்தபோதே, அது மரம் இல்லை என்று பிரித்தவர்கள் அவர்கள். அந்தக் கண்டிப்பில் பாதி துணிக்கும் கிடைக்கட்டும்.

அம்மா ஆயத்த தோங்ஜோங் ஒரு கட்டு வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். "ஒரு பட்டு ரவிக்கை கழுத்துக்கு வச்சுப் பார்க்கணும்."

புதன் இரவு

இன்று சாங்தோக்குங். 1405இல் கட்டியது, 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய வெட்டில் மட்டுமே வைத்திருக்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கே எடுத்தோம். விலை கூடத்தான். குளிர் இருந்ததால் அம்மாவுக்குத் துருமாகி என்ற நீள மேலங்கியும் கொடுத்தார்கள். சரியான தடிமனில் உள்துணி வைத்துத் தைத்தது, காற்று உள்ளே வரவில்லை.

இங்கேயும் ஹன்போக் உடுத்தினால் அரண்மனைப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பின்னால் இருக்கும் ஹூவோன் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், எண்ணிக்கையும் குறைவு, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அங்கே ஏற்றமும் இறக்கமும் உண்டு. பாவாடையைத் தூக்கிக்கொண்டு படி ஏறத் தயாராகப் போங்கள். சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு, அதில் ஒரு பைன் மரம். பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய எண்ணம். கரையில் மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன.

எனக்கு இன்றைய பெரிய விஷயம் தோட்டம் இல்லை. ஹுய்ஜோங்தாங் என்ற அரசர் மாளிகை. 1917இல் இந்த அரண்மனையில் தீ பிடித்து உள்மாளிகைகள் எரிந்துபோயின. அப்போதைய ஆட்சி என்ன செய்தது தெரியுமா? கியோங்போக்குங்கில் நன்றாக நின்றுகொண்டிருந்த கங்னியோங்ஜோன், கியோதேஜோன் இரண்டையும் பிரித்து, மரத்தை இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டது. அதாவது திங்கட்கிழமை அங்கே நாங்கள் பார்த்த அரசர் அரசி மாளிகைகள் 1995இல் புதிதாகக் கட்டியவை. அவற்றின் பழைய மரம் இங்கே இருக்கிறது. ஹுய்ஜோங்தாங்கின் பக்கவாட்டுக் கூரை முக்கோணத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் 'கங்' என்ற சீன எழுத்து, மறுபக்கம் 'னியோங்'. பழைய மாளிகையின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரு புடவையைக் கிழிச்சு இன்னொண்ணுக்கு ஒட்டுப் போட்டுட்டானா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அங்க இருந்தது?"

"அதை மறுபடி நெய்துட்டாங்க."

அவள் தலையாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் போய் எழுத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைசியாக நக்சோன்ஜே. மற்ற மாளிகைகளில் உத்தரம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக வண்ணப் பூச்சு இருக்கும், இங்கே கிடையாது. மரத்தின் நிறம் மட்டும். ஜன்னல் சட்டங்களில் ஒரு மாதிரி இன்னொன்றில் இல்லை. கோஜோங் அரசரின் மகள் தோக்ஹே, 1912இல் பிறந்து, சிறுமியாக 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டவர், 1962இல்தான் நாடு திரும்ப முடிந்தது. இந்த வளாகத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்து 1989இல் இறந்தார். அவர் சின்ன வயதில் உடுத்திய உடைகள் சில ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தன; 2015இல் கொரியாவுக்குத் திரும்பின. அவருடைய அண்ணன் இளவரசர் யோங் குடும்பத்தின் உடைகள் அதற்கு முன்பே, 1991இல், வந்துவிட்டன. இரண்டும் இப்போது தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் பொறுப்பில்.

அந்த அருங்காட்சியகம் கியோங்போக்குங் மெட்ரோ நிலையத்தின் ஐந்தாம் வாசலில் ஏறினால் பக்கத்திலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. நாளை விமானம் இரவில்தான், அதனால் காலையில் முதல் ஆளாக அங்கே. அரச உடைகளில் எதைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தாலும், அம்மா தையலைப் பார்க்கும் அளவுக்குக் கிட்டே விடுவார்களா என்பதுதான் இப்போது எங்கள் பேச்சு.